ஸ்தாராயா லதோகா: மதிலுக்கு முன்னால் வந்த பட்டறை

1114ஆம் ஆண்டு, இன்றைய ரஷ்யாவின் வடமேற்கில் வோல்கவ் ஆற்றங்கரை ஊரான லதோகாவில் ஒரு கல்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டியவர் ஊரின் ஆளுநர் பாவெல். அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்திருந்த ஒரு வரலாற்றுக் குறிப்பாளர் கோட்டையைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு, தன்னை வியக்கவைத்த வேறொரு விஷயத்துக்குப் போய்விடுகிறார். பெரிய மேகம் திரண்டு வந்தால் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மணிகள் கிடைக்கும், சிறிதும் பெரிதுமாக, நடுவில் துளையோடு இருக்கும் என்று ஊர்க்காரர்கள் அவரிடம் சொன்னார்களாம். ஆற்றோரத்தில் தண்ணீர் அரித்து வெளியே தள்ளுகிற மணிகளைப் பொறுக்குகிறவர்களும் இருந்தார்கள். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளை வாங்கிப் பார்த்து, எல்லாம் வேறு வேறு மாதிரியாக இருக்கின்றன என்று குறித்து வைத்திருக்கிறார்.

வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. மழை, ஊரின் அடிமண்ணைக் கரைத்தது. முந்தைய தலைமுறைகள் தவறவிட்ட பாசிமணிகள் மேலே வந்தன. 1114இல் லதோகாவில் வாழ்ந்தவர்களுக்கே தங்கள் காலடியில் ஒரு பழைய ஊர் புதைந்திருப்பது தெரியாது. கல் மதில் எழுப்பிய அந்த ஆண்டில் அவர்கள் ஊருக்கு வயது 360ஐத் தாண்டியிருந்தது.

எல்லைக் கோட்டை நகரம் என்றால் முதலில் ஓர் அரசன், அவன் போட்ட மதில், அப்புறம் மதிலுக்குள் குடியேறிய மக்கள் என்ற வரிசைதான் நம் மனத்தில் வரும். லதோகாவில் மண்ணைத் தோண்டத் தோண்ட இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

படகு நிற்க வேண்டிய இடம்

ஸ்தாராயா லதோகா இன்று சுமார் 2000 பேர் வாழும் ஒரு கிராமம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். 'ஸ்தாராயா' என்றால் பழைய. லதோகா ஏரியிலிருந்து வோல்கவ் ஆற்றில் எதிர்நீச்சலாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால், இடக்கரையில் லதோஷ்கா என்ற சிற்றாறு வந்து கலக்கும். அந்தச் சங்கமத்தின் முனையில் கோட்டை நிற்கிறது.

ஏன் இந்த இடம் என்பதற்கு ஆறே பதில் சொல்லிவிடும். பால்டிக் கடலிலிருந்து வரும் கப்பல், பின்லாந்து வளைகுடா வழியாக நேவா ஆற்றில் நுழைந்து, லதோகா ஏரியைக் கடந்து, வோல்கவில் ஏறி இதுவரை சிரமமில்லாமல் வந்துவிடும். இதற்கு மேலே போனால் ஆற்றில் பாறைகளும் வேக நீரோட்டங்களும். 1926இல் வோல்கவ் நீர்மின் நிலையத்துக்கு அணை கட்டியதும் அவை நீரில் மூழ்கிவிட்டன. அதற்கு முன்பு ஆயிரம் ஆண்டுகளாகப் படகோட்டிகளின் தலைவலி அதுதான். கடலில் ஓடும் கனமான கப்பலை இங்கே நிறுத்திவிட்டு, சரக்கை ஆற்றுப் படகுக்கு மாற்ற வேண்டும். நீண்ட பயணத்தில் பலகை பெயர்ந்திருக்கும், ஆணி கழன்றிருக்கும். செப்பனிட இரும்பும் ஆளும் தேவை. ஊர் தோன்ற இவ்வளவு காரணம் போதும்.

இந்த வழியாகத் தெற்கே போனால் நோவ்கோரத், அங்கிருந்து நீப்பர் ஆற்றுக்கும் வோல்காவுக்கும் பாதைகள் பிரியும். ஒன்று கான்ஸ்டான்டினோபிளுக்கு, இன்னொன்று காஸ்பியன் கடல் வழியாக அரபு நாடுகளுக்கு. ஸ்காண்டிநேவியர்கள் இந்த ஊரை ஆல்டெய்க்யா என்றும், பின்னாளில் ஆல்டெய்க்யுபோர்க் என்றும் அழைத்தார்கள்.

நூல்கள் சொன்னது

ரஷ்யாவுக்கு முன்னோடியான பழைய ரூஸ் நாட்டின் ஆண்டுக்குறிப்புகளில் 862ஆம் ஆண்டின் கீழ் ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. உள்ளூர் இனக்குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, முடியாமல், கடலுக்கு அப்பாலிருந்த வராங்கியர்களை வந்து ஆளும்படி அழைத்தார்களாம். மூன்று சகோதரர்கள் வந்தார்கள். மூத்தவன் ரூரிக். அவன் எங்கே அமர்ந்தான்? இங்கேதான் பிரதிகள் முரண்படுகின்றன. ஹைபேஷியன் பிரதி முதலில் லதோகா என்கிறது. நோவ்கோரத் பிரதி நோவ்கோரத் என்கிறது. லாரென்ஷியன் பிரதியில் அந்த இடமே விடுபட்டிருக்கிறது.

இது வெறும் பாடபேதச் சண்டையாக நிற்கவில்லை. ரஷ்ய அரசை உண்டாக்கியவர்கள் ஸ்காண்டிநேவியர்களா, ஸ்லாவியர்களா என்ற வழக்கே இதன்மேல் எழுந்தது. 1749இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்காக கெர்ஹார்ட் மில்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் தயாரித்த உரையில் வராங்கியர்கள் ஸ்காண்டிநேவியர்கள் என்று சொல்ல, ரஷ்ய அறிஞர் லமனோசவ் கொதித்தெழுந்தார், உரை தடுக்கப்பட்டது. அப்போது தொடங்கிய வாதம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. லதோகாவில் யார் மண்வெட்டியைத் தூக்கினாலும் இந்த வழக்குக்குச் சாட்சி தேடத்தான் வந்திருக்கிறார் என்று இரு தரப்பும் நினைத்தது. பல நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

ஊரின் தொல்லியல் வரலாறு பழையது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பாதிரியார் இங்குள்ள மேடுகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். 1880களில் பீரங்கி அருங்காட்சியகத்தின் தலைவரான ராணுவ அதிகாரி நிக்கலாய் பிராந்தென்பூர்க் கோட்டையையும் புதைமேடுகளையும் முறையாக ஆராய்ந்தார். 1909 முதல் 1913 வரை ரெப்னிகவ், 1938இலிருந்து போர் இடைவெளியோடு 1950களின் இறுதிவரை ரவ்தோனிகாஸ், 1970களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கிர்பிச்னிகவும் ரியாபினினும். நமக்கு வேண்டிய முக்கியமான விஷயங்கள் எல்லாம் கடைசி இருவர் காலத்தில்தான் தெளிவாகின.

ஈரமண் காத்த பொருள்கள்

அகழாய்வு நடந்த இடத்தின் பெயர் மண்கோட்டை. கல்கோட்டைக்குத் தெற்கே, 1580களில் பீரங்கிச் சண்டைக்காக எழுப்பிய மண் கொத்தளங்களுக்கு உள்ளே இருக்கும் நிலம் அது. கோட்டை கட்டியவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கவலை இல்லை. ஆனால் அவர்கள் கொட்டிய மண் அடியில் இருந்த ஊருக்கு மூடியாக அமைந்துவிட்டது.

கீழே இருப்பது மூன்று மீட்டர் வரை கனமான கறுத்த, ஈரமான அடுக்கு. மாட்டுச்சாணம், மரச்சீவல், அழுகிய வைக்கோல், வீட்டுக் குப்பை. காற்று புகாத ஈரத்தில் மரமும் தோலும் மட்கவில்லை. அதனால் வழக்கமாகக் கிடைக்கும் பானை ஓடுகளோடு, வீடுகளின் கீழ்வரிசை மரங்கள், பலகை பாவிய நடைபாதைகள், தோல் செருப்புகள், செருப்புத் தைக்கும் மரக்கட்டைகள், எலும்புச் சீப்புகள் எல்லாம் கிடைத்தன. சிறுவர்கள் விளையாடிய மரவாள்களும் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பியப் போர்வாளின் கைப்பிடி வடிவத்தை அப்படியே ஒத்திருக்கும்படி யாரோ அப்பன் பார்த்துச் செதுக்கிக் கொடுத்தவை. என்னைக் கேட்டால், ஊரில் நிஜ வாள்கள் புழங்கின என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று இல்லை. பையன் கண்ணால் பார்க்காத ஒன்றைக் கேட்டு அடம்பிடிக்க மாட்டான்.

இதே ஈரமண்தான் தேதியையும் கொடுத்தது. வடக்கத்திய குளிரில் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல கோடை என்றால் அகலம், மோசமான கோடை என்றால் ஒடுக்கம். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த அகல ஒடுக்க வரிசை ஒன்றுபோல் இருக்கும். இன்றைய மரத்தில் தொடங்கி, பழைய கட்டடங்களின் உத்தரங்கள், அதற்கும் பழைய அகழாய்வு மரங்கள் என்று வரிசையோடு வரிசையைப் பொருத்திப் பின்னோக்கிப் போனால் ஒரு நீண்ட நாட்காட்டி கிடைத்துவிடும். மரத்தின் பட்டை ஒட்டிய கடைசி வளையம் மிச்சமிருந்தால், அதை வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். லதோகாவின் அடியடுக்கில் கிடைத்த மரங்களில் மிகப் பழையது 753இல் வெட்டப்பட்டது. ஆண்டுக்குறிப்பு சொல்லும் 862க்கு 109 ஆண்டுகள் முன்பு.

சரி, அந்த அடியடுக்கில் என்ன இருந்தது? கோட்டை இல்லை. மதிலுமில்லை, அகழியுமில்லை. அரண்மனை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. 1970களில் ரியாபினின் குழு கண்டது ஒரு கொல்லுப்பட்டறையை. உலை, கசடு, வெண்கல வார்ப்பின் தடயங்கள், அப்புறம் ஒரே இடத்தில் குவியலாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள். பெரியதும் சிறியதுமாகக் குறடுகள், நகை வேலைக்கான சிறு சுத்தியல், கையடக்கப் பட்டடை, தகடு வெட்டும் கத்தரி, துளைபோடும் கருவி, கம்பி இழுக்கும் தகடு. ஒரே கொல்லனின் முழுப் பை என்று சொல்லலாம். கம்பி இழுக்கும் தகட்டை நம் ஊர்ப் பொற்கொல்லர் பார்த்தால் என்ன வேலைக்கென்று ஒரு விளக்கமும் கேட்காமல் சொல்லிவிடுவார். துளைகள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வரும். கம்பியை ஒவ்வொன்றாக நுழைத்து இழுத்து மெலிதாக்குவார்கள்.

குவியலில் ஒரு சிறிய வெண்கலத் துண்டும் இருந்தது. ஒரு கருவியின் கைப்பிடி முனை போன்றது. அதில் மீசை தாடி வைத்த ஓர் ஆணின் முகம். தலையின் இருபக்கமும் கொம்புபோல் வளைந்து உயர்ந்து, மேலே பறவைத் தலைகளாக முடிகிறது. இரண்டு அண்டங்காக்கைகளோடு இருக்கும் ஸ்காண்டிநேவியரின் ஓடின் தெய்வம் என்றுதான் பெரும்பாலோர் இதைப் படிக்கிறார்கள். கருவிகளின் வடிவமும் ஸ்காண்டிநேவியப் பட்டறைகளில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போகிறது. ஆக, 750களில் இங்கே வேலை செய்த கொல்லர் பால்டிக்கின் அக்கரையிலிருந்து வந்தவர், அல்லது அங்கே தொழில் கற்றவர்.

ஏன் கருவிகளை விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. ஒரு கொல்லன் தன் குறட்டையும் பட்டடையையும் மறந்துவிட்டுப் போக மாட்டான். திரும்பி வந்து எடுக்கலாமென்று ஒளித்துவைத்தவன் திரும்பவில்லை என்பதுதான் நியாயமான ஊகம். அதற்கடுத்த அடுக்கில் வீட்டு அமைப்பே மாறுவதைச் சுட்டிக்காட்டி, முதல் குடியேறிகளை வேறொரு கூட்டம் விரட்டிவிட்டது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நடந்திருக்கலாம். ஆனால் ஒரு பை கருவியிலிருந்து ஒரு போரையே எழுப்புவது கொஞ்சம் அதிகம்.

வீட்டைப் பார்த்து இனம் சொல்வது

லதோகாவின் மர வீடுகளில் இரண்டு வகை தெளிவாகத் தெரிகிறது. ஒன்று பெரியது, நடுவில் அடுப்பு, நீண்ட கூடம். மற்றொன்று சிறிய சதுரம், மரக்கட்டைகளை மூலையில் ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக் கட்டியது, அடுப்பு மூலையில். பெரிய வீடு ஸ்காண்டிநேவியருடையது, சிறிய வீடு ஸ்லாவியருடையது என்று ஒரு காலத்தில் சுலபமாக முடிவு கட்டினார்கள். ரவ்தோனிகாஸ் பெரிய வீடுகளைக் கூட்டுக் குடும்பத்தின் சின்னமாகப் பார்த்தார். சோவியத் கோட்பாட்டுக்கு அது வசதியாக இருந்தது.

1950இல் அவருடைய அகழாய்வில் ஒரு குச்சி கிடைத்தது. அதில் ஏறக்குறைய ஐம்பது ரூன் எழுத்துகள், ஸ்காண்டிநேவியர்களின் பழைய எழுத்து.  மொழி அவர்களுடைய பழைய நோர்ஸ். என்ன எழுதியிருக்கிறது என்பதில் படித்தவர்கள் ஒத்துப்போகவில்லை. செய்யுள் என்பவர்கள் பலர். வராங்கியர் பங்கு பற்றிப் பேசுவதே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஆண்டுகளில் இப்படியொரு பொருள் கைக்கு வந்தது ரவ்தோனிகாஸுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்றைய நிலவரம் இதைவிடக் கலவையானது. கையால் வனைந்த உள்ளூர்ப் பானைகள், ஃபின்னிய மக்கள் அணியும் சலசலக்கும் தொங்கட்டான்கள், ஸ்காண்டிநேவியப் பெண்களின் ஆமை வடிவ உடை ஊசிகள், ஸ்லாவியர் உலகத்து அணிகள் எல்லாமே ஒரே ஊர் மண்ணில் வருகின்றன. ஆற்றின் எதிர்க்கரையில் பிளாகூன் என்ற இடத்தில் இறந்தவர்களைப் படகில் வைத்து எரித்த ஸ்காண்டிநேவிய ஈமமேடுகள் இருக்கின்றன. எரிந்து போன படகின் ரிவெட் ஆணிகள்தான் மிச்சம். அங்கேயே ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த, வெள்ளீயத் தகடு ஒட்டி அலங்கரித்த ஒரு கூஜாவின் துண்டுகளும் கிடைத்தன. இந்தக் கரையில் ஆற்றோரமாக வரிசையாக நிற்கும் பெரும் கூம்பு மேடுகள் வேறொரு மரபு. அவற்றில் மிகப் பெரியது பத்து மீட்டர் உயரம். ரூரிக்குக்குப் பின் ஆண்ட ஒலெக் மன்னனின் கல்லறை என்று ஊரில் பெயர்.

2020இல் வெளியான வைக்கிங் கால மரபணு ஆய்வில் லதோகாவின் எலும்புகளும் சேர்க்கப்பட்டிருந்தன. உடனே ஊரை நிறுவியது யாரென்று தெரிந்துவிட்டது என்று சிலர் துள்ளினார்கள். அந்த எலும்புகள் 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலானவை. 750களின் கொல்லனுக்கும் அவற்றுக்கும் குறைந்தது ஐந்தாறு தலைமுறை இடைவெளி. ஒரு துறைமுகத்தில் ஐந்தாறு தலைமுறைக்குப் பின் வாழ்பவர்களை வைத்து நிறுவியவரைச் சொல்ல முடியாது.

மணியும் அணிலும்

அப்புறம் ஊர் எதை வைத்துப் பிழைத்தது? குறிப்பாளர் எழுதியதற்கே திரும்பலாம். மணி விழும் கதையைக் கேட்டு அவர் வியந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் இதென்ன அதிசயம் என்று இன்னொன்று சொன்னார்களாம். வடக்கே யூக்ரா நாட்டுக்கும் சமோயேத் மக்களின் நிலத்துக்கும் போய்வந்த முதியவர்கள், மேகத்திலிருந்து அணில் குட்டிகள் விழுந்து காட்டில் பரவுவதைக் கண்டிருக்கிறார்களாம். மான் குட்டிகளும் அப்படியே.

பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது லதோகாவின் கணக்குப் புத்தகம் போலத் தெரிகிறது. ஒருபக்கம் மணி, மறுபக்கம் அணில் தோல். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கண்ணாடி மணிகள் வந்து இறங்கின. ஊரிலேயே மணி செய்யும் பட்டறைகளும் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் வடக்குக் காடுகளில் கொடுத்து மென்மயிர்த் தோல்களை வாங்கினார்கள். தோல் வோல்கா வழியே அரபு வணிகர்களுக்குப் போனது, பதிலுக்கு வெள்ளி வந்தது. 922இல் வோல்கா கரையில் ரூஸ் வணிகர்களை நேரில் பார்த்த இப்னு ஃபத்லான், ஒரு பச்சை மணிக்கு ஒரு திர்ஹம் கொடுத்து அவர்கள் தங்கள் பெண்களுக்கு வாங்குவதாக எழுதுகிறார். முழு வெள்ளிக்காசு ஒரு பாசிமணிக்கு! லதோகா மண்ணில் ஆயிரக்கணக்கில் மணிகள் கிடைப்பதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

வெள்ளியும் சீக்கிரமே வந்துவிட்டது. லதோகாவில் கிடைத்த ஒரு திர்ஹம் புதையலின் கடைசிக் காசு 786ஐச் சேர்ந்தது. வட ஐரோப்பாவில் கிடைத்த அரபுக் காசுப் புதையல்களில் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. பட்டறை தொடங்கி ஒரு தலைமுறை முடிவதற்குள் அப்பாசியக் கலீபாக்களின் வெள்ளி இந்தக் குளிர்க் காட்டோரம் வந்து சேர்ந்துவிட்டது. சுவீடனின் பிர்கா துறைமுகமும் இதே காலத்தில்தான் எழுந்தது. டென்மார்க்கின் ரீபா சற்று முந்தையது. லதோகா அந்த வரிசையில் வைக்க வேண்டிய ஊர். ரஷ்ய அரசின் முதல் தலைநகரம் என்று சொல்வதைவிட, பால்டிக் துறைமுகச் சங்கிலியின் கிழக்குக் கோடிக் கண்ணி என்று சொன்னால் 8ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தும்.

கோட்டை அக்கரையில் இருந்தது

இப்போது எதிர்பாராத திருப்பம். மதிலில்லாத இந்த ஊருக்கு அருகிலேயே ஒரு கோட்டை இருக்கத்தான் செய்தது, ஆனால் ஆற்றின் வலக்கரையில். லதோகாவிலிருந்து ஏரிப் பக்கமாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் இறங்கினால், லியூப்ஷா என்ற சிற்றாறு கலக்குமிடத்தில் ஒரு சிறு மேடு. 1990களின் இறுதியில் ரியாபினின் அதைத் தோண்டினார். அடியில் மரத்தாலான பழைய அரண். அதன்மேல் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் களிமண் மதில், அதற்கு இருபுறமும் சுண்ணாம்புக்கல் பலகைகளைச் சாந்தில்லாமல் அடுக்கித் தாங்குசுவர். வடக்கு ரஷ்யாவில் கல்லைப் பயன்படுத்திய அரண்களில் இவ்வளவு பழையது வேறில்லை. இதைக் கட்டியவர்கள் தெற்கிலிருந்து வந்த ஸ்லாவியர்கள் என்பது ரியாபினின் கருத்து. அங்கே கிடைத்த இரட்டைக் கொக்கி அம்பு முனைகளும் அணிகலன்களும் அவர் கொடுத்த ஆதாரம். எல்லோரும் ஏற்கவில்லை.

அங்கே கப்பல் ரிவெட் ஆணிகளும் நிறையக் கிடைத்தன. அக்கரையில் அரண், இக்கரையில் பட்டறையும் சந்தையும். நூறாண்டுக்கும் மேல் இப்படி ஓடியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆட்சியின் கீழிருந்தனவா, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தனவா என்பதை மண் சொல்லாது. எனக்கு முதலாவதுதான் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஏரியிலிருந்து வரும் எந்தப் படகும் லியூப்ஷாவைத் தாண்டித்தான் லதோகாவுக்கு வர வேண்டும். பகை இருந்திருந்தால் சந்தை இவ்வளவு செழித்திருக்காது.

லதோகா 840ஐ ஒட்டி ஒருமுறையும் 860களில் இன்னொரு முறையும் எரிந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் லியூப்ஷாவும் தீயில் அழிந்து, அப்புறம் எழவேயில்லை. 860களின் தீயும் ஆண்டுக்குறிப்பின் 862ஆம் ஆண்டுக் கலகமும் அருகருகே வருவது தற்செயலா? எரிந்த அடுக்கு ஒரு கலகத்தை நிரூபிக்காது. மர வீடுகளும் வைக்கோலும் நிறைந்த ஊரில் ஓர் அடுப்புப் பொறி போதும். ஆனாலும் இரு கரையும் எரிந்தன, ஒன்று மட்டும் மீண்டது என்பதை அலட்சியம் செய்ய முடியவில்லை. ரூரிக் அமர்ந்த இடம் பற்றியும் மண் ஒரு வார்த்தை சொல்கிறது. இன்றைய நோவ்கோரத் நகருக்குள் 10ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஊர் அடுக்கு இல்லை. அதற்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பழைய குடியிருப்பே 9ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தொடங்குகிறது. 862இல் வந்திறங்கும் ஒருவன் தயார் நிலையில் காணக்கூடிய ஊர் லதோகாதான். ரூரிக் என்பவன் இருந்தான் என்றால்.

மதில்

லதோகாவின் முனையில் முதல் கல்மதில் எப்போது எழுந்தது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. கோட்டையை 1970களில் ஆராய்ந்த கிர்பிச்னிகவ், பாவெலின் 1114 மதிலுக்கு அடியில் சாந்தில்லாமல் அடுக்கிய இன்னொரு சுண்ணாம்புக்கல் சுவரைக் கண்டார். அது 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒலெக் காலத்தில் கட்டியது என்று சொன்னார். அவ்வளவு முன்னால் இழுக்க முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். கிர்பிச்னிகவ் சொல்வதையே எடுத்துக்கொண்டாலும், பட்டறைக்குப் பின் குறைந்தது ஐந்து தலைமுறை கழித்துத்தான் மதில் வந்தது.

10ஆம் நூற்றாண்டில் ஊர் பத்து ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்தது. காப்பாற்ற வேண்டிய சொத்து சேர்ந்துவிட்டது. பறிக்க வருபவர்களும் வந்தார்கள். 997ஐ ஒட்டி நார்வேயின் எய்ரிக் யார்ல் (யார்ல் என்றால் பிரபு) ஆல்டெய்க்யுபோர்க்கை முற்றுகையிட்டு எரித்ததாக சாகாக்கள் எனப்படும் ஐஸ்லாந்துப் பழங்கதைகள் சொல்கின்றன. 1019இல் கீவ் மன்னர் யாரஸ்லாவை மணக்க வந்த சுவீடன் இளவரசி இங்கிகெர்த், சீதனமாக இந்த ஊரையே கேட்டு வாங்கி, தன் உறவினன் ராக்ன்வால்த் யார்லிடம் ஒப்படைத்தாள். புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவிலுள்ள வாசலைத் தன் ஆளிடம் கொடுத்திருக்கிறாள், விவரமான பெண். பட்டறையூர் எல்லையூராக மாறியது இந்தக் காலத்தில்தான். வணிகர் தங்கும் இடமாக இருந்தவரை அது யாருக்கும் எல்லை இல்லை. தெற்கே ஓர் அரசும் மேற்கே ஓர் அரசும் திரண்டபிறகு, அதே துறை இரண்டுக்கும் இடையிலான கதவாகிவிட்டது.

பாவெலின் கோட்டை சாந்து வைத்துக் கட்டியது. அது எதற்கென்பது ஐம்பது ஆண்டுகளில் தெரிந்தது. 1164இல் சுவீடன் படை 55 கப்பல்களில் வந்தது. மதிலுக்கு வெளியே இருந்த தங்கள் வீடுகளுக்கு லதோகாக்காரர்கள் தாங்களே தீ வைத்துவிட்டு, ஆளுநர் நெஷாத்தாவோடு உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு, நோவ்கோரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். எதிரி மறைந்து நிற்க ஒரு கூரைகூட இருக்கக்கூடாது என்ற கணக்கு. முற்றுகை பலிக்காமல் சுவீடன் படை வரோனெகா ஆற்றுப் பக்கம் பின்வாங்கியது. நோவ்கோரத்திலிருந்து இளவரசர் ஸ்வியாத்தஸ்லாவ் படையோடு வந்து அடித்ததில் 43 கப்பல்கள் பிடிபட்டன. கோட்டைக்குள் இன்றும் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தை இந்த வெற்றியோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அதன் சுவரில் குதிரைமேல் அமர்ந்த ஜார்ஜின் 12ஆம் நூற்றாண்டு ஓவியம் இன்னும் இருக்கிறது.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீரங்கிகளுக்கு ஏற்றபடி ஐந்து கோபுரங்களோடு கோட்டை புதிதாகக் கட்டப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது அதைத்தான்.

2003இல் ஊரின் 1250ஆவது ஆண்டு அரசு விழாவாகக் கொண்டாடப்பட்டது. 753 என்ற எண் ஒரு மரம் வெட்டப்பட்ட ஆண்டு. நாளைக்கே இன்னும் பழைய மரம் கிடைத்தால் விழாக்குழு என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும், அரசன் வந்த ஆண்டை விட்டுவிட்டுக் கொல்லன் வந்த ஆண்டைப் பிறந்தநாளாக எடுத்துக்கொண்ட அளவில் எனக்கு அந்த விழா மேல் பெரிய புகார் இல்லை.

ஊர் மங்கிய கதை சுருக்கமானது. 1702இல் பீட்டர் மன்னர் நேவா ஆற்றின் தலைப்பிலிருந்த சுவீடன் கோட்டையைப் பிடித்தார், அடுத்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைத் தொடங்கினார். எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. 1704இல் வோல்கவ் ஏரியில் சேருமிடத்தில் நோவயா லதோகா, அதாவது புதிய லதோகா, என்ற ஊரை நிறுவி, பழைய ஊரின் நகர உரிமையையும் மக்களில் பலரையும் அங்கே மாற்றினார்கள். புதிதாகக் கட்டிடம் கட்ட ஆளில்லாததால் பழைய லதோகாவின் ஈரமண் அப்படியே கிடந்தது. கோடைதோறும் அகழாய்வுக் குழுக்கள் அங்கேதான் குழி போடுகின்றன.